ஐந்து வரிப் பட்டியல்: ஒரு வாக்காளரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது என்ன பட்டியல்?

அரசாங்கம் எதை முதலில் செய்ய வேண்டும் என்று நான் நினைக்கிறேனோ அதை ஒரு தாளில் ஐந்து வரியாக எழுதி வைத்திருக்கிறேன். தேர்தல் தேதி அறிவிக்கும் முன்பே எழுதிவிடுவேன். அறிவித்த பிறகு எழுதினால் அது என் பட்டியலாக இருக்காது. அன்றைக்கு எந்த ஒலிபெருக்கி ஓங்கி ஒலித்ததோ அதன் நகலாகத்தான் இருக்கும். பல வருடம் அப்படித்தான் ஓட்டுப் போட்டேன். சாவடிக்குள் நுழையும்போது மனதில் எது இருந்ததோ அதற்கு ஒரு குத்து. வெளியே வந்து விரல் மையைப் பார்த்துக்கொண்டே, எதற்காகப் போட்டோம் என்று யோசித்தால் பதில் வராது.

வீட்டிலும் வேலை செய்யும் இடத்திலும் இந்தத் தாளைப் பற்றிப் பேச்சு வந்தால் அதே கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆளுக்கு ஆள் பதில் சொல்லி அலுத்துவிட்டதால் மொத்தமாக எழுதுகிறேன். கட்சிப் பெயர் எதுவும் வராது. வந்தால் நீங்கள் பட்டியலை விட்டுவிட்டுக் கட்சியைப் பிடித்துக்கொள்வீர்கள்.

சரி, அந்த ஐந்து வரி என்ன?

தாளில் இருக்கிறபடியே:

1. குழாயில் குடிக்கத் தக்க தண்ணீர். வீட்டுக் கழிவுநீர் ஆற்றில் கலக்காமல் போக வழி.
2. பத்து வயதுப் பிள்ளை ஒரு சின்னக் கதையைத் தானே படித்துப் புரிந்துகொள்ள வேண்டும்.
3. ஒருவருக்கு நோய் வந்தால் குடும்பமே கடனில் விழக் கூடாது.
4. மனுவுக்கும் வழக்குக்கும் ஒரு கெடு.
5. வெள்ளம், புயல், தீ வரும் முன்பே செய்கிற வேலை.

ஐந்தாவது வரிக்குக் கீழே ஸ்கேல் வைத்து ஒரு கோடு இழுத்திருக்கிறேன். கோட்டுக்குக் கீழே வரிக் குறைப்பு, புதிய விரைவுச் சாலை, விளையாட்டரங்கம், விண்வெளி ஆய்வு, அருங்காட்சியகம். எல்லாம் எனக்குப் பிடித்தவைதான். ராக்கெட் கிளம்புகிறது என்றால் ராத்திரி கண் விழித்துப் பார்க்கிற ஆள் நான். ஆனாலும் கோட்டுக்குக் கீழேதான். பிடிக்காததைக் கீழே வைக்க யாருக்கும் யோசனை தேவையில்லை. பிடித்த ஒன்றைக் கீழே இறக்கும்போது கை கொஞ்சம் தயங்குகிறதே, பட்டியல் போடும் வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஊழல் ஒழிப்பு ஏன் இல்லை?

ஊழல் வேண்டும் என்று சொல்லி ஓட்டுக் கேட்ட வேட்பாளரை நான் பார்த்ததில்லை. எல்லோரும் தலையாட்டுகிற வரி, ஆளைப் பிரித்துப் பார்க்க உதவாது. "டெண்டர் விவரத்தை எத்தனை நாளில் வெளியிடுவீர்கள்?" என்று கேட்டால் பிரியும். அதை நான்காவது வரிக்குள் அடக்கிவிட்டேன்.

வேலைவாய்ப்பு? அது இல்லாத பட்டியலும் ஒரு பட்டியலா?

இதை என் தம்பிதான் அதிகம் கேட்பான். அவன் தாளில் முதல் வரியே அதுதான். இதில் எங்கள் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை, இனியும் ஒத்துப்போகும் என்று தோன்றவில்லை.

என் கணக்கு இது. ஓர் அரசு நேரடியாகக் கொடுக்கக் கூடிய வேலைக்கு ஓர் எல்லை உண்டு. மற்ற வேலைகள் பல காரணங்கள் சேர்ந்து உருவாகின்றன: படித்த கைகள், ஓடுகிற தண்ணீர், நேரத்துக்குக் கிடைக்கிற அனுமதி, பத்து வருடம் இழுக்காத வழக்கு. அந்தக் காரணங்களைத்தான் நான் எழுதியிருக்கிறேன். "இத்தனை லட்சம் வேலை தருவோம்" என்ற வாக்குறுதியைப் படித்தால், எந்தத் துறையில், யார் சம்பளம் கொடுப்பது, எந்த வருடத்துக்குள் என்ற மூன்றும் பெரும்பாலும் காணோம்.

தம்பியின் பதிலும் நியாயமானது: "இன்றைக்குச் சாப்பாட்டுக்கு வழி தேடுகிறவனிடம் போய், உன் பிள்ளை படித்து முடிக்கட்டும் என்று சொல்வாயா?" இதற்கு என்னிடம் சரியான பதில் இல்லை. இருந்தாலும் வரிசையை மாற்றவில்லை.

சாக்கடைக்கு ஏன் முதலிடம்? கேட்கவே ஒரு மாதிரி இருக்கிறதே?

ஒரு மாதிரி இருக்கிறது என்பதுதான் காரணம். யாரும் ரிப்பன் வெட்டித் திறக்க ஆசைப்படாத வேலை அது. மண்ணுக்கு அடியில் கிடக்கும், பெயர்ப் பலகை வைக்க முடியாது, ஒழுங்காக ஓடினால் ஒருவரும் அதை நினைத்துப் பார்க்க மாட்டார்கள். வாக்காளர் கேட்காவிட்டால் அது நடக்காது.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் கதை 1858-ஆம் ஆண்டு லண்டன் கோடை. அப்போது ஊர்க் கழிவு முழுக்க தேம்ஸ் நதிக்குத்தான் போகும். அதே நதித் தண்ணீரைக் குடிக்கவும் செய்தார்கள். 1848-49-இல் வந்த காலராவில் அந்த நகரத்தில் மட்டும் 14,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1853-54-இல் இன்னும் 10,000-க்கு மேல். இவ்வளவு சாவுக்குப் பிறகும் கமிட்டி, அறிக்கை, யார் செலவு செய்வது என்ற சண்டை என்றே காலம் போனது. 1858 ஜூனில் வெயில் ஏறியது, நதி நாறியது. நாடாளுமன்றக் கட்டடம் நதிக்கரையில்தான் இருக்கிறது. சுண்ணாம்புக் குளோரைடில் நனைத்த திரைச்சீலைகளை ஜன்னல்களில் தொங்கவிட்டுப் பார்த்தார்கள், நாற்றம் நிற்கவில்லை. அவ்வளவுதான், சுமார் 18 நாளில் சட்டம் நிறைவேறியது!

பொறியாளர் ஜோசப் பேசல்ஜெட் அதற்குப் பிறகு கட்டிய பாதாளச் சாக்கடை நகரத்தையே மாற்றியது. 1866-இல் காலரா மறுபடி வந்தபோது, புதிய சாக்கடை வேலை இன்னும் முடியாத கிழக்குப் பகுதியைத்தான் அது பெரிதும் தாக்கியது. வருங்கால மக்கள்தொகையைக் கணக்கில் வைத்து அவர் குழாய்களை அகலமாகப் போட்டார். அவற்றில் பெரும்பகுதி இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது.

இதில் என்னை உறுத்துவது ஒன்றுதான். ஆயிரக்கணக்கான சாவு செய்யாததை உறுப்பினர்களின் மூக்கு செய்தது. எங்கள் தெருத் தண்ணீர் கலங்கி வரும் நாளில் சட்டமன்ற உறுப்பினர் வீட்டுக் குழாயிலும் அது கலங்கி வந்தால் நன்றாக இருக்கும் என்று சில சமயம் கெட்ட எண்ணம் வரும்.

இரண்டாவது வரியில் "பள்ளிக்கூடம்" என்று எழுதாமல் ஏன் இப்படிச் சுற்றி வளைத்து?

பள்ளிக்கூடம் என்று எழுதினால் கட்டடம் வரும், பெயின்ட் வரும், வாசலில் வளைவு வரும். படிப்பு வருமா என்பது தனிக் கேள்வி. உலக வங்கி 2019-இல் வெளியிட்ட கணக்குப்படி, குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் பத்து வயதுப் பிள்ளைகளில் 53 சதவீதம் பேரால் ஓர் எளிய கதையைப் படித்துப் புரிந்துகொள்ள முடியவில்லை. அவர்களில் பெரும்பாலோர் பள்ளிக்குப் போகாதவர்கள் அல்லர். தினமும் பையை மாட்டிக்கொண்டு போகிறவர்கள்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். நாலாம் வகுப்புப் பிள்ளை ஒன்றிடம் அதன் பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு பத்தியைக் கொடுங்கள். படித்து முடித்ததும் புத்தகத்தை மூடி, "என்ன நடந்தது?" என்று கேளுங்கள். நான் ஒரு தடவை கேட்டேன். அந்தப் பெண் கடகடவென்று படித்தாள், ஒரு எழுத்துப் பிழை கிடையாது. மூடியதும் என் முகத்தையே பார்த்தாள். கதையில் ஒரு நாய் தொலைந்துபோயிருந்தது. அவளுக்கு நாய் இருந்ததே தெரியவில்லை.

மூன்றாவது வரி பணக்கார நாடுகளுக்குத்தானே சரிப்படும்?

பிரிட்டன் தன் தேசிய மருத்துவச் சேவையை 1948 ஜூலையில் தொடங்கியது. போர் முடிந்து மூன்று வருடம், ரேஷன் அட்டை இன்னும் புழக்கத்தில் இருந்த காலம். தாய்லாந்து 2001-இல் ஒரு தடவைக்கு 30 பாட் கட்டணம் என்று திட்டத்தைத் தொடங்கி, 2002-இல் அதைச் சட்டமாக்கியது. அப்போது அது பணக்கார நாடு அல்ல. 1997 பொருளாதார நெருக்கடியில் அடிபட்டு எழுந்துகொண்டிருந்த நாடு. பணம் வந்த பிறகு பார்ப்போம் என்பது வரிசையில் பின்னால் தள்ளுவதற்கு ஒரு மரியாதையான பெயர்.

மனுவுக்கு இவ்வளவு முக்கியத்துவமா?

என் அப்பாவின் பெயரில் "ண" வர வேண்டிய இடத்தில் "ன" என்று ஒரு சான்றிதழில் விழுந்துவிட்டது. அதைத் திருத்த ஓர் அலுவலகத்துக்கு நாலு நடை நடந்தேன். முதல் நாள் படிவம் தீர்ந்துபோச்சு. இரண்டாம் நாள் படிவம் இருந்தது, கையெழுத்துப் போடுகிறவர் இல்லை. மூன்றாம் நாள், அப்பாவின் அடையாள அட்டை நகல் வேண்டும் என்றார்கள். அந்த அட்டையை வழங்கியதே அதே கட்டடத்தின் மாடியில் இருக்கிற அறைதான். நான் கீழே உட்கார்ந்திருந்த பெஞ்சிலிருந்து அந்த அறையின் கதவு தெரியும்.

மேஜையில் இருந்தவர் கெட்டவர் இல்லை. தண்ணீர் கூடக் கொடுத்தார். ஆனால் கெடு என்று ஒன்று இல்லாத இடத்தில் நல்லவராலும் ஒன்றும் செய்ய முடிவதில்லை. எஸ்தோனியாவில், ஒரு துறையிடம் ஏற்கெனவே இருக்கிற விவரத்தை இன்னொரு துறை குடிமக்களிடம் மறுபடி கேட்கக் கூடாது என்பது கொள்கை. அதற்காக அரசுத் தரவுத்தளங்களை இணைக்கும் ஏற்பாட்டை 2001-இலேயே தொடங்கிவிட்டார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம், மாடிக்கு ஒரு ஆளை அனுப்பினாலே போதும்.

நாலாவது நாள் வேலை முடிந்தது. அப்போது "ண" சரியாக வந்தது, பிறந்த தேதியில் ஓர் எண் மாறிவிட்டது. அந்தக் கதையை விடுங்கள்.

ஐந்தாவது வரி: வராத வெள்ளத்துக்கு ஏன் செலவு?

இந்த வரிதான் வாக்காளர்களாகிய நம் மேலேயே எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது. ஆண்ட்ரூ ஹீலி, நீல் மல்ஹோத்ரா என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்க மாவட்டங்களின் தேர்தல் முடிவுகளையும் பேரிடர்ச் செலவுகளையும் ஒப்பிட்டு 2009-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பேரிடருக்குப் பின் நிவாரணம் கொடுத்த ஆளுங்கட்சிக்கு ஓட்டுக் கூடியது. பேரிடருக்கு முன் தடுப்பு வேலைக்குச் செலவழித்தால் ஓட்டுக் கூடவில்லை. அவர்கள் மதிப்பீட்டில், தடுப்புக்குப் போட்ட ஒரு டாலர், பிற்காலச் சேதத்தில் சுமார் 15 டாலரை மிச்சப்படுத்துகிறது.

அரசியல்வாதியின் இடத்தில் இருந்து பாருங்கள். கரையை உயர்த்தினால் வெள்ளம் வராது, வெள்ளம் வராததால் யாருக்கும் எதுவும் தெரியாது. கரையை விட்டுவிட்டால் வெள்ளம் வரும், படகில் போய்ப் பொட்டலம் கொடுக்கலாம், படம் எடுக்கலாம். எதைச் செய்யச் சொல்லி நாம் கற்றுக்கொடுத்திருக்கிறோம்?

தடுப்பு வேலை செய்யும் என்பதற்கு வங்கக் கடற்கரை சாட்சி. 1970 நவம்பரில் இன்றைய வங்கதேசத்தைத் தாக்கிய போலா புயலில் குறைந்தது மூன்று லட்சம் பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு கிராமம் கிராமமாகத் தன்னார்வலர்களைப் பழக்கினார்கள், கொடியும் மெகாபோனும் கொடுத்தார்கள், தூண்கள் மேல் புகலிடங்கள் கட்டினார்கள். இது ஒரே நாளில் நடக்கவில்லை. 1991 புயலிலும் ஒரு லட்சத்துக்கு மேல் பலி. 2007-இல் வந்த சிதர் புயல் மிகக் கடுமையானது. அரசுக் கணக்கில் இறந்தவர்கள் சுமார் 3,400 பேர். அதுவும் பெரிய எண்தான். ஆனால் மூன்று லட்சத்துக்கும் அதற்கும் நடுவில் இருப்பவர்கள் இன்று பேரப்பிள்ளைகளைக் கொஞ்சிக்கொண்டிருப்பார்கள், தங்களைக் காப்பாற்றியது ஒரு பட்ஜெட் வரி என்பது தெரியாமலே.

நான் எப்படி என் பட்டியலைப் போடுவது?

உட்கார்ந்து யோசித்தால் வராது. எல்லாமே முக்கியம் என்றுதான் வரும். பற்றாக்குறையைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும்.

எங்கள் வீட்டில் ஒரு தீப்பெட்டியைக் கொட்டி ஐம்பது குச்சிகளை எண்ணி எடுத்தோம். எட்டு டம்ளர்கள், ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுச் சீட்டு: தண்ணீர், பள்ளி, மருத்துவம், சாலை, காவல், வரிக் குறைப்பு, நடைபாதை, பேரிடர். ஆளுக்கு ஒரு முறை. ஐம்பது குச்சிதான் பட்ஜெட். போட்ட பிறகு பத்துக் குச்சியைத் திரும்ப எடுக்க வேண்டும், வருமானம் குறைந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு. அந்த இரண்டாம் கட்டம்தான் விளையாட்டே. தம்பி கண்ணை மூடிக்கொண்டு வரிக் குறைப்பிலிருந்து எல்லாவற்றையும் எடுத்தான். நான் சாலையிலிருந்து எடுத்தேன், காவலிலிருந்து இரண்டு எடுத்து ஒன்றைத் திரும்ப வைத்தேன். அம்மா மருத்துவத்தில் இருபது போட்டிருந்தாள். ஒன்பதை எங்கெங்கோ எடுத்துவிட்டாள், கடைசிக் குச்சி மருத்துவத்திலிருந்தா நடைபாதையிலிருந்தா என்று முடிவு செய்ய முடியவில்லை. இரண்டு டம்ளரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு குச்சியை எடுத்து, அதில் ஒன்றை இரண்டாக உடைத்து, பாதி பாதி திரும்பப் போட்டாள்.

குச்சி வேண்டாம், தாளே போதும் என்பவர்களுக்குப் பழைய முறை ஒன்று உண்டு. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1772-இல் நண்பர் ஜோசப் பிரீஸ்ட்லிக்கு எழுதிய கடிதத்தில் சொன்னது: தாளின் நடுவே கோடு போடு, ஒரு பக்கம் சாதகம், மறு பக்கம் பாதகம், மூன்று நாலு நாள் நினைவுக்கு வர வர எழுது, சம எடை உள்ளவற்றை இரு பக்கமும் அடித்துக்கொண்டே வா, மிஞ்சுவது எது என்று பார். நாலு நாள் என்பதுதான் இதில் நல்ல பகுதி. ஒரே ராத்திரியில் எழுதிய பட்டியலில் அன்றைய செய்திதான் முதல் வரியாக இருக்கும்.

எல்லோரும் பட்டியல் போட்டால் அரசுக்கு வேலை சுலபமாகிவிடுமா?

ஆகாது. மூன்று பக்கத்து வீட்டுக்காரர்களை வைத்துப் பாருங்கள். முதலாமவர்: தண்ணீர், பள்ளி, சாலை. இரண்டாமவர்: பள்ளி, சாலை, தண்ணீர். மூன்றாமவர்: சாலை, தண்ணீர், பள்ளி. தண்ணீரா பள்ளியா என்று ஓட்டு எடுத்தால் இரண்டுக்கு ஒன்று தண்ணீர். பள்ளியா சாலையா என்றால் பள்ளி. அப்படியானால் தண்ணீர் சாலையை வெல்ல வேண்டும் அல்லவா? எடுத்துப் பாருங்கள், சாலை ஜெயிக்கும். மூவரும் தெளிவாகத்தான் இருக்கிறார்கள், மூவரும் சேர்ந்தால் தலை சுற்றுகிறது. பிரெஞ்சுக் கணிதரான கொண்டோர்செ 1785-இலேயே இதைக் காட்டிவிட்டார். "மக்கள் விரும்புவது இதுதான்" என்று எவராவது மேடையில் அடித்துச் சொன்னால் எனக்கு அந்த மூன்று பேர் ஞாபகம் வரும்.

அப்படியானால் அவரவர் தன் நலத்துக்கு ஓட்டுப் போடுவது சரியா?

உங்கள் தெருவில் என்ன ஓட்டை என்பது உங்களுக்குத்தான் தெரியும், அதைச் சொல்வது சுயநலம் இல்லை. ஆனால் பக்கத்துத் தெருவின் ஓட்டை பெரிதாக இருந்தால்? பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரி நகரம் 1989-இல் பட்ஜெட்டின் ஒரு பகுதியை மக்கள் கூட்டங்களிடமே விட்டபோது இதற்கு ஒரு வழி கண்டது. ஒவ்வொரு வட்டாரமும் தன் முன்னுரிமையைச் சொல்லும். ஆனால் பணம் பிரிக்கும்போது எங்கே எவ்வளவு பற்றாக்குறை, எத்தனை பேர் வசிக்கிறார்கள் என்பதற்கும் புள்ளி உண்டு. கூட்டங்களில் முன்னுக்கு வந்தவை எவை தெரியுமா? தெருவுக்குத் தளம், குடிநீர், சாக்கடை. நான் தனியாள் இல்லை.

தேர்தல் அறிக்கையோடு பட்டியலை எப்படி ஒப்பிடுவது?

அறிக்கையை முதல் பக்கத்திலிருந்து படிக்காதீர்கள். உங்கள் ஐந்து வரிக்கும் அதில் என்ன இருக்கிறது என்று மட்டும் தேடுங்கள். கிடைத்த வாக்கியத்தில் வினைச்சொல்லைப் பாருங்கள். "ஆவன செய்யப்படும்", "பரிசீலிக்கப்படும்", "வலியுறுத்துவோம்" என்று முடிந்தால் அது வெறும் காற்று. அந்த வேலை எந்த அடுக்கின் கையில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். குப்பை அள்ளுவது உள்ளாட்சியின் வேலை என்றால், அதை நாடாளுமன்ற வேட்பாளர் வாக்குறுதியாகக் கொடுப்பதில் பொருள் இல்லை.

சில நாடுகளில் இதற்கு உதவி இருக்கிறது. நெதர்லாந்தில் 1989-இல் 'ஸ்டெம்வைசர்' என்ற கேள்வித்தாள் வந்தது. ஜெர்மனியில் 2002 முதல் 'வால்-ஓ-மாட்' இருக்கிறது: 38 கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் சம்மதம், மறுப்பு, நடுநிலை, உங்களுக்கு முக்கியமானவற்றைக் குறித்தால் அவற்றுக்கு இரட்டை மதிப்பு. அந்த இரட்டை மதிப்புக் கட்டம்தான் எனக்குப் பிடித்தது. கருத்து இருப்பது வேறு, அது உங்களுக்கு எவ்வளவு கனம் என்பது வேறு. நெதர்லாந்தில் இன்னொன்றும் உண்டு: 1986 தேர்தலிலிருந்து, விரும்பும் கட்சிகள் தங்கள் அறிக்கையை அரசின் பொருளாதார ஆய்வு அமைப்பிடம் கொடுத்துக் கணக்குப் பார்க்கச் சொல்லலாம். செலவு எவ்வளவு, பற்றாக்குறை எவ்வளவு என்று வெளியாகிவிடும். கட்டாயம் இல்லை. கொடுக்காத கட்சியை ஏன் கொடுக்கவில்லை என்று கேட்கலாம்.

வேட்பாளர் என் பட்டியலுக்குக் கட்டுப்பட்டவரா?

பிரிட்டிஷ் அரசியல்வாதி எட்மண்ட் பர்க் 1774-இல் பிரிஸ்டல் வாக்காளர்களிடம், உறுப்பினர் உங்கள் கட்டளையை நிறைவேற்றும் ஆள் அல்ல, தன் அறிவைப் பயன்படுத்துவதே உங்களுக்குச் செய்யும் சேவை என்று பேசினார். இன்றுவரை மேற்கோள் காட்டப்படும் பேச்சு. 1780-இல் அதே தொகுதியில் தோற்றுவிடுவோம் என்று தெரிந்து போட்டியிலிருந்து விலகினார். அவரும் வாக்காளர்களும் தங்கள் உரிமையைப் பயன்படுத்தினார்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

ஒருவரும் பொருந்தவில்லை என்றால்?

ஐந்தில் இரண்டு பொருந்தினால் எனக்குப் போதும். முதல் இரண்டாக இருந்தால் இன்னும் நல்லது. இந்தியாவில் 2013 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு 'மேற்கண்ட எவரும் இல்லை' என்ற பொத்தான் இருக்கிறது. இதுவரை நான் அந்த வழியை விரும்பியதில்லை. இலங்கை ஜனாதிபதித் தேர்தல் முறை எனக்கு மேல். 1, 2, 3 என்று விருப்ப வரிசை குறிக்கலாம். 1982-இல் முதல் தேர்தல் நடந்ததிலிருந்து பலர் ஒருவரோடு நிறுத்திக்கொண்டார்கள். 2024-இல்தான் முதல் எண்ணிக்கையில் எவருக்கும் பாதிக்கு மேல் வராமல், முதன்முறையாக இரண்டாவது விருப்பங்களை எண்ண வேண்டி வந்தது. வரிசையாக யோசிக்கப் பழகியவருக்கு அப்படி ஒரு சீட்டு கையில் கிடைத்தால் வீணாகாது.

பட்டியலை மாற்றியதே இல்லையா?

மாற்றியிருக்கிறேன். வரிக் குறைப்பு ஒரு காலத்தில் என் இரண்டாவது வரி. முழுச் சம்பளம் வாங்கத் தொடங்கிய புதிது, பிடித்தம் கண்ணை உறுத்தியது. பிறகு வீட்டில் ஒரு நீண்ட சிகிச்சை வந்தது. மிச்சமாகக் கூடிய வரிப் பணத்தைப்போல எத்தனை மடங்கு ஒரே மாதத்தில் போனது என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, அந்த வரியை அடித்து மூன்றாவதை எழுதினேன்.

கருத்து மாறுவதில் வெட்கப்பட எதுவும் இல்லை என்பதற்கு ஸ்டாக்ஹோம் நல்ல உதாரணம். நகருக்குள் வரும் வாகனங்களுக்கு நெரிசல் கட்டணம் என்றதும் அங்கே பெரும்பாலானோர் எதிர்த்தார்கள். 2006 ஜனவரி முதல் ஜூலை வரை சோதனையாக நடத்திப் பார்த்தார்கள். கட்டண எல்லையைக் கடக்கும் போக்குவரத்து சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. செப்டம்பரில் வாக்கெடுப்பு, பாதிக்குச் சற்று மேல் ஆதரவு. 2007 முதல் நிரந்தரம். சத்தியம் செய்து எதிர்த்தவர்கள் காலியான சாலையைப் பார்த்து மாறினார்கள்.

உங்கள் பட்டியலை நான் அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். தீப்பெட்டி வாங்குங்கள்.

அடுத்த தேர்தலுக்கு என்ன மாற்றம்?

அம்மாவின் அந்த அரைக் குச்சி. நடைபாதையை ஏன் மருத்துவத்துக்குச் சமமாக வைத்தாள் என்று அன்று கேட்கவில்லை. பிறகு கேட்டேன். போன வருடம் அவள் மணிக்கட்டு உடைந்தது உடைந்த நடைபாதைக் கல்லில் கால் இடறித்தான். "ஒன்றைச் சரி செய்தால் இன்னொன்று வேண்டியதில்லையே" என்றாள்.

அதற்குப் பிறகுதான் ஸ்வீடனின் கார்ல்ஸ்கூகா நகரம் பற்றிப் படித்தேன். பனிக்காலத்தில் முதலில் பெரிய சாலை, கடைசியில் நடைபாதை என்றுதான் அங்கே பனி அள்ளிவந்தார்கள். பிறகு வரிசையைத் திருப்பிப் போட்டார்கள்: முதலில் நடப்பவர்களும் சைக்கிளும் போகும் பாதை, பிறகு கார்ச் சாலை. பனியில் வழுக்கி விழுந்து காயப்படுகிறவர்களில் வாகனத்தில் போகிறவர்களைவிட நடந்து போகிறவர்கள்தான் அதிகம். அவர்களில் பெண்கள் அதிகம். அதே ஆட்கள், அதே வண்டிகள், வரிசை மட்டும் வேறு.

ஆறாவது வரியாக 'நடைபாதை' என்று பென்சிலில் எழுதியிருக்கிறேன், கோட்டுக்குச் சரியாக மேலே. ஐந்து வரிக்கு மேல் கூடாது என்பது நானே போட்ட விதி, அதனால் ஒன்றை அடிக்க வேண்டும். நான்காவதைத் தம்பி அடிக்கச் சொல்கிறான். மனு எழுதி நாலு நடை நடந்தவன் நான், மனசு வரவில்லை. தேதி அறிவிக்க இன்னும் நாள் இருக்கிறது.